தாபாஸ் கடையில் மூன்று பேருக்கு எத்தனை தட்டு சொல்வது?

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவு: மே மாதம் கணவர், மாமியாரோடு ஸ்பெயினுக்கு, அதாவது மாட்ரிட், செவில், கிரனாதா போகிறீர்கள். பானத்தோடு சின்னச் சின்னத் தட்டில் பதார்த்தம் தரும் தாபாஸ் கடையில் மூன்று பேருக்கு எத்தனை தட்டு சொல்ல வேண்டும், முட்டைகூடத் தொடாத மாமியாருக்கு என்ன கிடைக்கும், கிரனாதாவில் சாப்பாடு இலவசம் என்பது நிஜமா, பில்லில் ஏமாற்றுவார்களா. கேள்வி நாலாக இருந்தாலும், உள்ளே போய் முழிக்காமல் சாப்பிட்டுவிட்டு வெளியே வருவது எப்படி என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் செவிலில் ஒரு தாபாஸ் பாரின் அடுக்களையிலும், பிறகு கவுண்டருக்குப் பின்னாலும் பல வருடம் வேலை பார்த்தவன். அதனால் செவிலும் கிரனாதாவும் இருக்கும் தெற்கு ஆண்டலூசியா பக்கத்தைப் பற்றித் தயங்காமல் சொல்வேன். மாட்ரிட் அடிக்கடி போய்வந்த ஊர். வடக்கே சான் செபாஸ்டியன் பக்கமெல்லாம் நானும் உங்களைப் போலச் சாப்பிடப் போனவன்தான்.

முதலில் எண்ணிக்கை. மொத்தம் எத்தனை என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு தட்டு, மிஞ்சினால் மூன்று சொல்லுங்கள். அது முடியும்போது அடுத்ததைச் சொல்லுங்கள். இதற்குக் காரணம் அடுக்களையில் இருக்கிறது. தாபாஸ் பாரில் முதலில் இது, பிறகு அது என்ற வரிசை கிடையாது. சர்வர் ஆர்டரைக் கத்துவார், உள்ளேயிருந்து நாங்கள் 'ஒயீதோ' (கேட்டாச்சு) என்று பதில் கத்துவோம், எது முதலில் தயாரோ அது முதலில் வெளியே போகும். ஆலிவ், உருளைக்கிழங்கு சாலட், ஹமோன் (பதப்படுத்திய பன்றித் தொடை) மாதிரி குளிர்ந்த பதார்த்தங்கள் கவுண்டருக்குப் பின்னாலேயே இருப்பதால் இரண்டு நிமிடத்தில் வரும். பொரித்தது ஐந்தாறு நிமிடம். குழம்பு வகை ஏற்கெனவே செய்து வைத்தது, சூடு பண்ணினால் போதும். நீங்கள் மெனுவைப் பார்த்த ஆசையில் எட்டு அயிட்டம் சொன்னால் எட்டும் பத்து நிமிடத்துக்குள் கல்யாணப் பந்தி மாதிரி வந்து இறங்கிவிடும். மேசையோ இரண்டு தட்டு வைக்கிற அளவு. கடைசியாக நீங்கள் தொடும் குரோக்கேத்தா என்ற பொரித்த உருண்டை ஆறிப்போய் மாவாக இருக்கும். குளிர்ந்தது ஒன்று, சூடானது ஒன்று என்று சொல்வது உள்ளூர்க்காரர்கள் வழக்கம். முதலாவதைக் கொறித்து முடிக்கும்போது இரண்டாவது வந்துவிடும்.

அடுத்தது அளவு. எனக்குத் தெரிந்து வெளியூர்க்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒரே பதார்த்தத்துக்கு மெனுவில் மூன்று விலை இருக்கலாம். தாபா என்பது ஒருவர் நாலு வாயில் முடிக்கிற அளவு. ராசியோன் என்பது நடுவில் வைத்து மூன்று நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் முழுத் தட்டு. மேதியா ராசியோன் அதில் பாதி. செவிலில் தாபா அளவு தாராளமாகக் கிடைக்கும், ஒன்று மூன்றிலிருந்து ஐந்து யூரோவுக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். மாட்ரிடில் பல கடைகளில் ராசியோனும் மேதியாவும் மட்டும்தான். அங்கே போய் செவில் கணக்கில் ஆளுக்கு மூன்று என்று ஒன்பது ராசியோன் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மூவருக்கும் மூன்று மேதியா போதும், பசித்தால் இன்னொன்று. சில கடைகளில் 'தாபா அளவு பாரில் மட்டும்' என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும். கவுண்டரில் நின்றால் சின்னத் தட்டு தருவார்கள், மேசையில் உட்கார்ந்தால் மேதியாவிலிருந்துதான் ஆரம்பம் என்று பொருள். வெளியே தெருவில் போட்ட மேசைக்குத் தனி விலையோ கூடுதல் கட்டணமோ இருக்கலாம், அதையும் மெனுவிலேயே போட்டிருப்பார்கள்.

மாமியாரால் அதிக நேரம் நிற்க முடியாது என்றால் நேரம் பார்த்துப் போவதுதான் வழி. மத்தியானச் சாப்பாடு அங்கே 2 மணிக்குத்தான் சூடு பிடிக்கும். 1:15க்குப் போனால் மேசை கிடைக்கும், சர்வருக்கும் உங்களிடம் பேச நேரம் இருக்கும். சுமார் 4 மணிக்கு அடுக்களையை மூடினால் ராத்திரி 8, 8:30க்குத்தான் திரும்ப அடுப்பு பற்றும். நடுவில் 6 மணிக்குப் போய் டின்னர் கேட்டால் திறந்திருப்பது சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள்தான், அங்கேதான் நீங்கள் பயப்படுகிற மாதிரி பில்லும் வரும். 7 மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர் என்றால் மத்தியானத்தையே பெரிய சாப்பாடாக வைத்துக்கொண்டு, ராத்திரி 8:30க்கு முதல் ஆளாகப் போய்ச் சின்னதாக முடித்துக்கொள்ளுங்கள்.

இனி மாமியார் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் காரியம் நடக்காது. ஸ்பெயின் அடுக்களையில் இறைச்சி என்றால் ஒரு துண்டாகத் தட்டில் கிடப்பது. பொடியாக நறுக்கித் தூவும் ஹமோனை நாம் பெருங்காயம் போடுகிற மனசோடுதான் போடுவார்கள். டின்னில் வரும் சூரை மீனும் அப்படியே. சாதாரணக் கலவை சாலடிலேயே சூரையும் முட்டையும் உட்கார்ந்திருக்கும். பச்சை பீன்ஸ், கூனைப்பூ (ஆர்டிசோக்), பலகாய்க் கூட்டு என்று பார்க்கச் சைவமாக இருப்பதில் எல்லாம் ஹமோன் துண்டு இருக்க வாய்ப்பு அதிகம். ஆலிவைக்கூட நம்ப முடியாது, நடுவில் நெத்திலி அடைத்த ஆலிவ் அங்கே மிகச் சாதாரணம். அதனால் பொருட்களின் பெயரைச் சொல்லியே மறுக்க வேண்டும். 'நோ கோமே கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அதூன், நி உவேவோ' (No come carne, ni jamón, ni pescado, ni atún, ni huevo). இறைச்சி, ஹமோன், மீன், சூரை, முட்டை எதுவும் இவர் சாப்பிட மாட்டார் என்று அர்த்தம். போனில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒவ்வாமைப் பட்டியல் கேட்டால் போதாதா என்று தோன்றலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 பொருட்கள் எந்தெந்தப் பதார்த்தத்தில் உள்ளன என்று கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும். முட்டை, மீன், பால் மூன்றும் அந்தப் பதினான்கில் உண்டு, ஆகவே முட்டையைத் தவிர்க்க அந்தப் பட்டியல் உண்மையிலேயே உதவும். ஆனால் இறைச்சி ஒவ்வாமைப் பொருள் இல்லை. ஹமோனோ, எலும்பு வேகவைத்த சாறோ அதில் தெரியாது. அதை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, என்ன சாப்பிடலாம்? செவிலில் முதலில் எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் தேடுங்கள். பசலைக் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்தது. ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் ரொட்டித் துண்டையும் பொன்னிறமாக வறுத்து, சீரகமும் ஸ்பானிய மிளகாய்த் தூளும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து இடித்து அந்த விழுதைக் கீரையில் கலப்போம். சீரக வாசனை வந்ததும் மாமியார் முகம் மலரும், அதற்கு நான் உத்தரவாதம். பெரும்பாலான கடைகளில் இதில் இறைச்சி இருக்காது. சாறு ஊற்றினார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்தது பெரென்ஹேனாஸ் கோன் மியேல், கத்தரிக்காயை மெல்லிசாக நறுக்கி மாவில் புரட்டிப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றுவது. கிரனாதாவிலும் கொர்தோபாவிலும் நன்றாகச் செய்வார்கள். இங்கே இரண்டு எச்சரிக்கை. சில கடைகளில் மாவுக் கரைசலில் முட்டை சேர்ப்பார்கள். அதைவிட முக்கியம், சின்ன அடுக்களையில் பொரிக்கும் சட்டி ஒன்றுதான் இருக்கும். கணவாயும் நெத்திலியும் பொரித்த அதே எண்ணெயில்தான் கத்தரிக்காயும் இறங்கும். இது மாமியாருக்கு ஆகாது என்றால் பொரித்த எதையும் அவருக்குச் சொல்லாதீர்கள். சுடுகல்லில் வாட்டிய காளான், பச்சை அஸ்பாரகஸ் எல்லாம் சொல்லலாம், ஆனால் கல்லும் பொதுக்கல்தான். எந்தப் பாரிலும் தனிக் கல், தனிச் சட்டி எதிர்பார்க்க முடியாது.

சல்மொரேஹோ என்பது தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைத்த குளிர்ந்த கெட்டிச் சாறு. மேலே வெந்த முட்டையும் ஹமோனும் தூவித் தருவார்கள், தூவுவதற்கு முன் 'சின் உவேவோ, சின் ஹமோன்' என்று சொன்னால் போதும். காரச் சாஸ் ஊற்றிய பிராவாஸ் உருளைக்கிழங்கு பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தக் காரச் சாஸை ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விதமாகச் செய்யும், சிலர் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள். மேலே வெள்ளையாக ஊற்றியிருக்கும் பூண்டு சாஸில் முட்டை இருக்கலாம். தக்காளி தேய்த்த ரொட்டி கவலையில்லாதது. பொதுச் சட்டி எண்ணெய் பரவாயில்லை என்றால் பொரித்துத் தரும் பத்ரோன் மிளகாயும் அப்படியே. அந்தக் குட்டி மிளகாயில் எப்போதாவது ஒன்று சுள்ளென்று உறைக்கும். நம் ஊர் நாக்குக்கு அது ஒன்றுமே இல்லை. மான்செகோ பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும், ஆனால் பாரம்பரியமாக ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைப் போட்டுத்தான் உறைய வைப்பார்கள். அதையும் பார்ப்பவர் என்றால் விட்டுவிடுங்கள்.

நீங்களும் கணவரும் அசைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். குரோக்கேத்தாவில் தொடங்குங்கள், ஒரு கடையின் தரம் அதில் தெரிந்துவிடும். வெண்ணெயும் மாவும் பாலும் கிண்டி, ஹமோனோ உப்புக் கண்ட மீனோ சேர்த்து, ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்து, மறுநாள் கையால் உருட்டுவோம். கையால் உருட்டியது ஒன்றுபோல ஒன்று இருக்காது. தட்டில் வந்ததெல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தால் அது பாக்கெட்டில் வந்தது. உடைத்தால் உள்ளே இளகி வழிய வேண்டும். வினிகரில் ஊறிய நெத்திலியைப் பச்சையாகத் தருகிறார்களே என்று பயப்பட வேண்டாம். அனிசாகிஸ் என்ற புழு வினிகரில் சாகாது என்பது உண்மை, அதனால்தான் 2006லிருந்து அங்கே சட்டப்படி அந்த மீனை முதலில் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைத்தே ஆக வேண்டும். ஹமோனில் விலை வித்தியாசம் ஏன் என்று கேட்டால், ஐபீரியப் பன்றித் தொடையில் கட்டியிருக்கும் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் நூறு சதவீத ஐபீரிய இனம், ஓக் மரக்காய் தின்று வளர்ந்தது. சிவப்பு என்றால் தீவனம் அதுவே, இனம் கலப்பு. பச்சையும் வெள்ளையும் அதற்குக் கீழே. மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் கரியாதா என்ற கன்னச் சதைக் குழம்பைச் சொல்லும்போது பன்றியா மாடா என்று கேளுங்கள், இரண்டிலும் செய்வார்கள். ராபோ தெ தோரோ மாட்டு வால்தான், அதில் சந்தேகமே இல்லை.

கிரனாதாவில் இலவசம் என்பது நிஜம். ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு தாபா வரும், அதற்குத் தனிக் காசு இல்லை. இரண்டாவது பானத்துக்கு வேறொன்று வரும். மூன்று சுற்று போனால் சாப்பாடே முடிந்துவிடும். ஹாயென், அல்மேரியா, வடக்கே லெயோன் ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. செவிலில் கிடையாது. அங்கே நாலு ஆலிவ் வந்தாலே பெரிசு. மாட்ரிடில் கடையைப் பொறுத்தது, ஆலிவோ சிப்ஸோ வைப்பார்கள். ஆனால் கிரனாதாவில் பெரும்பாலும் என்ன தாபா என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார், உங்களுக்குத் தேர்வு இல்லை. மாமியாருக்காகப் பானம் சொல்லும்போதே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும், தட்டு வந்தபின் சொன்னால் மாற்றித் தருவது அவர் மனசைப் பொறுத்தது. மது குடிக்காதவர்களுக்கும் தாபா உண்டு. மொஸ்தோ என்று கேட்டால் பெரும்பாலும் புளிக்காத திராட்சைச் சாறு தருவார்கள், ஆல்கஹால் இல்லைதானே என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆல்கஹால் இல்லாத பீரும் எல்லாப் பாரிலும் இருக்கும். தின்தோ தெ வெரானோ ஜூஸ் மாதிரி இனிக்கும், ஆனால் அதில் பாதி சிவப்பு ஒயின். அதை யாரும் தெரியாமல் மாமியாருக்கு ஊற்றிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காபிக்குத் தாபா வராது.

பில்லில் ஏமாற்றுவது பற்றி. வேண்டுமென்றே ஏமாற்றுவது அபூர்வம், தெரியாமல் நாமே மாட்டிக்கொள்வதுதான் அதிகம். ரொட்டியும், பீக்கோஸ் என்ற குச்சி ரொட்டியும் கேட்காமலே வரும், அதற்கு ஒன்றிரண்டு யூரோ போடுவார்கள், மெனுவில் எழுதியும் இருப்பார்கள். வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும். 2022 சட்டப்படி குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், 'அகுவா தெல் கிரிஃபோ' என்று கேட்டு வாங்கலாம். இறால், நண்டு வகைகளுக்கு எதிரே விலைக்குப் பதில் 'எஸ்ஸே எம்மே' (S/M) என்ற இரண்டு எழுத்து இருந்தால் அன்றைய சந்தை விலை என்று அர்த்தம். விலை கேட்காமல் அதைச் சொல்லவே சொல்லாதீர்கள், சங்கடமான பில் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். மெனு விலையில் 10 சதவீத வரி அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும். அப்புறம், காசு கடைசியில்தான். ஒவ்வொரு தட்டுக்கும் பர்ஸைத் திறக்காதீர்கள். செவிலில் 1670லிருந்து இருக்கும் எல் ரின்கோன்சியோவில் நீங்கள் வாங்கியதையெல்லாம் மரக் கவுண்டரின் மேலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டே வருவார்கள். கூட்டிச் சொல்லிக் காசு வாங்கியதும் துணியால் துடைத்துவிடுவார்கள். நான் முன்னே சொன்ன கீரை கொண்டைக்கடலை அங்கே பிரசித்தம்.

எதெல்லாம் சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கைடுகள் நிறையக் கதை சொல்வார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு மன்னர் பத்தாம் அல்போன்சோ, ஒயினோடு ஏதாவது சாப்பாடும் தர வேண்டும் என்று உத்தரவிட்டதால் தாபாஸ் பிறந்தது என்பது ஒன்று. காதிஸ் கடற்கரையில் பதின்மூன்றாம் அல்போன்சோவின் கோப்பையில் மணல் விழாமல் ஹமோன் துண்டால் மூடினார்கள் என்பது இன்னொன்று. சொல்லக் கேட்க ஜோராக இருக்கும், எதற்கும் நம்பும்படியான ஆதாரம் கிடையாது. தரையில் காகித நாப்கின் குவிந்து கிடந்தால் நல்ல கடை என்பதும் பழைய கணக்கு. இப்போது பல நல்ல கடைகள் சுத்தமாகவே இருக்கின்றன. வாசலில் பயேயா என்ற சோற்றுப் பதார்த்தத்தின் படம் போட்ட பலகை இருந்தால் விலகிப் போங்கள் என்பது மட்டும் என் அனுபவத்தில் பொய்த்ததில்லை. அநேகமாக அது தொழிற்சாலையிலிருந்து உறைந்து வந்த சோறு.

மாட்ரிடில் ஞாயிற்றுக்கிழமை இருந்தால் காலையில் ராஸ்த்ரோ சந்தையைச் சுற்றிவிட்டு, பக்கத்திலேயே லா லத்தீனா பகுதியில் காவா பாஹா தெருவில் மத்தியானம் ஏறி இறங்குங்கள். கூட்டம் நெரியும், ஆனால் அந்தக் கூட்டம்தான் அங்கே பார்க்க வேண்டியது. புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்துக்குப் பக்கத்தில் காசா லாப்ரா 1860லிருந்து இருக்கிறது. ஸ்பானிய சோஷலிஸ்ட் கட்சியை 1879ல் தொடங்கியது அந்தக் கடையில்தான். மக்கள் வரிசை கட்டுவது பொரித்த பக்கலாவோ (காட்) மீனுக்காக. எசெகரை தெருவில் லா வெனென்சியாவுக்குப் போனால் ஷெர்ரி ஒயின் மட்டும்தான் கிடைக்கும், போட்டோ எடுக்கக் கூடாது, டிப்ஸ் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். உங்கள் மாமியாருக்கு அங்கே வேலை இல்லை, நீங்கள் இருவரும் மட்டும் ஒரு மணி நேரம் போய் வாருங்கள்.

கடைசியாக, சர்வரை அழைப்பது. கை தட்டவோ விரல் சொடுக்கவோ வேண்டாம். அவர் கண்ணைப் பார்த்து 'குவாந்தோ புவேதாஸ்' என்று சொல்லுங்கள், உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது என்று அர்த்தம். தலையை ஆட்டினால் உங்கள் முறையை மனசில் குறித்துக்கொண்டார். எந்தக் கடையைக் குறித்து வைத்தாலும் அதன் விடுமுறை நாளை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிறு ராத்திரியும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். நீங்கள் போகிற மே மாதத்தில் செவில் பார்களின் கண்ணாடியில் 'ஆய் காரகோலெஸ்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அது நத்தை, அங்கே மே, ஜூனில்தான் அதற்குப் பருவம். மூலிகை, மசாலா போட்ட சாற்றில் சின்னக் கிண்ணத்தில் வரும். கணவருக்குத் துணிச்சல் இருந்தால் ஒன்று வாங்கிப் பாருங்கள், மாமியாரைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டு.